சுதந்திரதேவியைச் சமைத்த சிற்பியார்

பிரான்சு தேசத்துக் கோல்மார் நகரில் 1834-ஆம் ஆண்டு தோன்றியவர் பர்த்தோல்டி என்னும் சிற்பியார். இரண்டு வயதிலே தந்தையை இழந்த அவரைத் தாயாரே வளர்த்தனர். சூயசுக் கால்வாயின் முகப்பில், விளக்கேந்திய மாதின் உருவை நிறுவ அவர் வகுத்த திட்டத்தை எகிப்தின் அதிபதி 1869-இல் ஏற்றிலர். அடுத்து மூண்ட போரில் அவரும் பொருதனர். எனினும் 1871-இல் பிறந்த ஊரே செருமானியர் வசமாயிற்று. அத்துயரோடு அவ்வாண்டே அமெரிக்கா சென்றவர், நியூயார்க்குத் துறைமுகத் தீவொன்றில் சுதந்திரதேவியை நிறுத்தத் துணிந்தனர்.

அவ்வுருவின் உயரம் 151 அடி. மெல்லிய செப்புத் தகடுகளை மர அச்சுகளில் வைத்துத் தட்டி அதனைச் சமைத்தனர். உள்ளே தாங்கும் இரும்புக் கூட்டை, பின்னாளிற் பாரிசுக் கோபுரத்தால் புகழ்பெற்ற ஈபிள் அமைத்தனர். 1885-இல் சிலை 350 பகுதிகளாய், 214 பெட்டிகளிற் கடல் கடந்தது. பீடத்திற்குப் பொருள் முட்டியபோது, ஒரு செய்தித்தாளின் வேண்டுகோட்கிணங்கி லட்சத்துக்கு மேற்பட்டோர் ஈந்தனர். பெரும்பாலோர் ஈந்தது ஒரு டாலருக்கும் குறைவே! 1886 அக்டோபர் 28-இல் சிலை திறக்கப்பெற்றது.

கோல்மார் 1918-இல் மீண்டும் பிரான்சைச் சேர்ந்தது. அதனைக் காணாமலே 1904-இல் சிற்பியார் மறைந்தனர். தம் ஊரை இழந்தவர் பிறர் கரையில் ஒளியேற்றிச் சென்றனர். அன்பர்காள்! அவ்வொளி நின்ற பீடம் எளியோரின் சிறுகாசால் எழுந்ததென்பதை நாம் மறவாதிருப்போமாக.