பைக்கைக் கழற்றியே தொழில் கற்ற ஜி.டி.நாயுடு: யார் இவர்?
நாமக்கல் புதுச்சத்திரம் பக்கம் பட்டறையில் ஸ்பேனர் பிடித்து வேலை பழகும் பையன்களுக்கு முன்னோடி யாருன்னு கேட்டால், ஜி.டி.நாயுடுவைச் சொல்லலாம். 1893-ல் கோவை அருகே கலங்கலில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு ஏறவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் பைக்கைப் பார்த்ததும் மனசு அதிலேயே நின்றுவிட்டது. கோவையில் ஹோட்டல் சர்வராக இருந்து காசு சேர்த்து, அதே பைக்கை வாங்கினார். ஊர் சுற்றவா? இல்லை, நட்டு நட்டாகக் கழற்றித் திரும்பப் பூட்டிப் பார்க்க! அதுதான் அவருக்கு ஐடிஐ.

1920-ல் பொள்ளாச்சி - பழனி இடையே ஒரே ஒரு பஸ் விட்டார். அதுவே யுஎம்எஸ் நிறுவனமாக வளர்ந்தது.

1945-ல் கோவையில் பொறியியல் கல்லூரி உருவாகக் காரணமானவரும் இவரே. ஆனால் நான்கு வருஷப் படிப்பு வீண், இரண்டே போதும் என்றார். வெள்ளைக்கார அரசு கேட்கவில்லை. முதல்வர் பதவியை உதறிவிட்டுக் கிளம்பிவிட்டார்.