கொள்ளை நோயை வென்ற பினாங்கு வைத்தியர்

பினாங்கு சூலியா தெருவை அறியாத தமிழ் முஸ்லிம் வணிகர் இரார். கடல் கடந்து வந்த நம் முன்னோரைக் குறித்த பெயரே அத்தெருவுக்கு நிலைத்துவிட்டது. அங்கே 1904-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இளம் சீன வைத்தியர் ஒருவர் தொழில் தொடங்கினார். ஆறே ஆண்டுகளில் உலகம் முழுவதும் அவர் பெயரை அறிந்தது. அவர்தாம் டாக்டர் வூ லியென் தே. அவர் வணிகரல்லர். ஆயினும் வியாபார லாபமும் மனித உயிரும் எதிரெதிரே நின்ற வேளைகளை இருமுறை கண்டவர். ஆகவே அவர் வரலாறு வணிகரான நமக்கு மிகவும் வேண்டுவது.

இளமையும் கல்வியும்

1879 மார்ச் 10-ந் தேதி பினாங்கில் பிறந்தார். தந்தை சீனத்தின் குவாங்டுங் மாநிலத்திலிருந்து வந்து குடியேறிய பொற்கொல்லர். பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் பயின்று, 1896-இல் ராணி உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்ற முதல் சீன வமிசத்தவர் அவரே. பின்னர் லிவர்பூல், ஜெர்மனியின் ஹாலே, பாரிஸின் பாஸ்டர் நிலையம் ஆகிய இடங்களில் கிருமி ஆராய்ச்சி கற்று 1903-இல் திரும்பினார்.

கோலாலம்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் ஓராண்டு பெரிபெரி நோயை ஆராய்ந்தார். தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளரை வாட்டிய அந்நோய், புழுங்கலரிசி உண்ட நம் தமிழரைப் பெரும்பாலும் அணுகவில்லை. அதன் காரணம் பின்னரே விளங்கிற்று. அரசாங்க வைத்தியப் பணியின் உயர் பதவிகள் அன்று ஐரோப்பியருக்கே உரியன. ஆகவே அவர் பிறந்த ஊருக்கே வந்து சொந்தமாகத் தொழில் நடத்தலானார்.

அபினிக்கு எதிரே

அக்காலத்தில் தொழிலாளர் பலர் அபினிக்கு அடிமைப்பட்டு உடல் உருக்குலைந்து கிடந்தனர். அத்தகையவருக்கு மருந்து மட்டும் கொடுத்துப் பயன் என்ன? மறுநாளும் அபினிக் கடை திறந்திருந்தால் குணம் எங்கிருந்து வரும்? ஆகவே டாக்டர் வூ பினாங்கில் அபினி எதிர்ப்புச் சங்கம் கண்டார். 1906-இல் கூட்டிய மாநாட்டுக்குச் சுமார் 3,000 பேர் வந்தனர்.

அபினி வரியோ அன்றைய அரசாங்க வருமானத்தில் ஏறத்தாழப் பாதி. குத்தகை எடுத்த தவுக்கேமாருக்கும் கொள்ளை லாபம். அவர்கள் சும்மா இருப்பார்களா? 1907-இல் அவருடைய மருந்தகம் சோதனையிடப்பட்டது. வைத்தியத்துக்காக வைத்திருந்த ஓர் அவுன்சு அபினிச் சாரம் அகப்பட்டது. அபினியை ஒழிக்க முயன்றவருக்கே அபினி வைத்திருந்த குற்றத்துக்காக அபராதம் விதிக்கப்பட்டது! மறு ஆண்டு சீன அரசின் அழைப்பை ஏற்று, தியன்ஸின் நகர இராணுவ வைத்தியக் கல்லூரிக்கு உதவித் தலைவராகச் சென்றார்.

மஞ்சூரியாவில் மரணப் புயல்

1910-ஆம் ஆண்டின் இறுதியில் வடக்கே மஞ்சூரியாவில் விபரீத நோய் ஒன்று தோன்றியது. காய்ச்சல், இருமல், இரத்தம் கலந்த கோழை, ஓரிரு நாளில் மரணம். பீடிக்கப்பட்டவர் பிழைப்பது அரிதினும் அரிது. டிசம்பர் 24-ந் தேதி டாக்டர் வூ ஹார்பின் நகரை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 31.

மூன்றாம் நாள், நோயால் இறந்த ஜப்பானிய மாது ஒருத்தியின் சடலத்தை அறுத்துச் சோதித்தார். பிளேக் கிருமி கிடைத்தது. பிளேக் என்பது எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சி கடிப்பதால் வருவது என்றே அறிஞர் நம்பிய காலம் அது. ஹார்பினிலோ எலிகளிடம் அக்கிருமி இல்லை. நோய் நுரையீரலில் குடிகொண்டு, இருமல் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவுகிறது என்று அவர் துணிந்தார். வைத்தியர், தாதியர், பிணம் தூக்குவோர் அனைவரும் பஞ்சை உள்ளே வைத்த மெல்லிய துணியால் மூக்கையும் வாயையும் மூடவேண்டும் என்று விதித்தார்.

வயதில் மூத்த பிரெஞ்சு வைத்தியர் டாக்டர் மெஸ்னி இதனை ஏற்கவில்லை. இளைஞனான ஒரு சீனனா தனக்குப் பாடம் சொல்வது என்று வெகுண்டார். முகமூடியின்றி நோயாளிகளைப் பார்வையிட்டார். சில நாட்களில் அதே நோய்க்கு இரையானார். அதன் பின்னர் முகமூடியை ஒருவரும் மறுக்கவில்லை.

பிரித்து வைத்தலே மருந்து

இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து அன்று உலகில் இல்லை. அப்படியானால் வைத்தியருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். இன்னும் நோய் காணாதவரைக் காப்பதே அவ்வேலை. நோயாளிகளை ஓரிடத்திலும், ஐயத்துக்குரியவரை மற்றோரிடத்திலும், அவர்களோடு பழகியவரை வேறோரிடத்திலும் வைத்தார். பழகியவரைத் தங்கவைக்க ரயில் பெட்டிகளை இரவல் பெற்று, அவர்களின் உடற்சூட்டைக் கவனித்து வந்தார். ஃபூஜியாதியென் என்னும் நகர்ப்பகுதியை நான்காகப் பிரித்து, பகுதி விட்டுப் பகுதி செல்வதைத் தடுத்தார்.

தாஊன் கண்ட ஊருக்குள் புகுவதையும், அவ்வூரைவிட்டு ஓடுவதையும் தடுத்த நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். அதே நெறியை அங்கே ஒரு விஞ்ஞானி செயலில் காட்டினார். ஜெரஜாக் தீவின் குவாரன்டைனில் நாட்களை எண்ணிக் கிடந்த நம் முன்னோருக்கு அதன் கசப்பும் தெரியும்.

மற்றொரு சோதனை காத்திருந்தது. கடுங்குளிரில் மண் கல்லாக உறைந்ததால் குழி தோண்ட இயலவில்லை. ஈராயிரத்துக்கு மேற்பட்ட சடலங்கள் வெட்டவெளியில் குவிந்து கிடந்தன. இறந்தோரை மண்ணில் அடக்குவதைப் புனிதக் கடமையாகக் கருதும் மக்களிடம், அவற்றை எரிக்கவேண்டும் என்று எப்படிச் சொல்வது? அடக்கத்தின் அருமை அறிந்த நமக்கு அவர்தம் மன வேதனை விளங்கும். டாக்டர் வூ பேரரசரின் அனுமதியை வேண்டிப் பெற்றார். 1911 ஜனவரி 31-ந் தேதி, சீனப் புத்தாண்டுக்கு மறுநாள், சிதைகள் மூட்டப்பட்டன. அதிலிருந்து நோய் தணியலாயிற்று. மார்ச் முதல் தேதிக்குப் பின் அவ்வூரில் புதிதாக ஒருவரும் பீடிக்கப்படவில்லை. ஆனால் அதற்குள் மஞ்சூரியா முழுவதிலும் மாண்டவர் தொகை ஏறக்குறைய 60,000.

லாபம் தேடியவர் கொணர்ந்தது

நோயின் மூலம் எது? மஞ்சூரியப் புல்வெளிகளில் வளை தோண்டி வாழும் தார்பகான் என்னும் பிராணி. அதன் மென்மயிர்த் தோலுக்கு அந்நிய நாடுகளில் திடீரென்று கிராக்கி ஏறவே, விலை பல மடங்கு உயர்ந்தது. நோயுற்ற பிராணியைத் தொடாமல் விடும் வழக்கம் பரம்பரை வேட்டைக்காரரிடம் இருந்தது. லாபத்துக்காகப் புதிதாய் வந்தவரோ அதனை அறியார். அகப்பட்டதையெல்லாம் உரித்தனர். நெருக்கமான சத்திரங்களில் தங்கினர். ரயிலேறி ஊர் திரும்பினர். சரக்கு சென்ற வழியெல்லாம் சாவும் சென்றது.

1911 ஏப்ரலில் முக்டென் நகரில் 11 நாடுகளின் விஞ்ஞானிகள் கூடினர். தலைமை வகித்தவர் டாக்டர் வூ. அதன் பின் அவர் அமைத்த பிளேக் தடுப்பு நிலையம், 1920-21-இல் நோய் மீண்டும் வந்தபோது பலனளித்தது. அம்முறை மாண்டவர் சுமார் 9,300 பேர்.

மீண்டும் மலாயாவில்

1937-இல் ஜப்பானியப் படை சீனத்துள் புகவே, அவர் மலாயாவுக்குத் திரும்பி ஈப்போவில் வைத்தியம் செய்தார். 1943-இல் எதிர்ப்புப் படையினர் அவரைப் பிடித்துச் சென்று பணயத் தொகை பெற்றே விடுவித்தனர். பணம் கொடுத்த குற்றத்துக்காக ஜப்பானியர் அவரைத் தண்டிக்க முனைந்தபோது, முன்பு அவரிடம் சிகிச்சை பெற்ற ஜப்பானிய அதிகாரி ஒருவரே காத்தார். நன்கொடை திரட்டி ஈப்போவில் பொது நூலகம் ஒன்றும் கண்டார். 1960 ஜனவரி 21-ந் தேதி, தம் 80-ஆம் வயதில், பிறந்த பினாங்கிலேயே காலமானார்.

இன்று நுரையீரல் பிளேக்குக்கு மருந்துண்டு. தொடக்கத்திலேயே கொடுத்தால் நோயாளி பிழைக்கிறார். எனினும் மருந்து வரும் வரை காத்து நிற்கும் கலையை உலகம் மறந்துவிடவில்லை. 2020 மார்ச் 18-ந் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது சூலியா தெருவில் நம் கடைக் கதவுகளும் அடைபட்டன. நட்டம் பெரிதுதான். ஆனால் அடைத்த கடையை மீண்டும் திறக்கலாம், அடங்கிய மூச்சைத் திருப்ப இயலாது. விற்கும் சரக்கு எங்கிருந்து வருகிறது, யாருக்கு என்ன செய்கிறது என்று ஆராய்வதும் வணிகரின் கடமையே. நம் தெருவில் தொழில் நடத்திய அவ்வைத்தியரின் வாழ்க்கை நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவெனக் கொள்வோமாக.