வரலாற்றுப் பேராசிரியர் ஜதுநாத் சர்க்கார்

ஒரு நாட்டின் வரலாற்றைக் கல்லூரியிற் பயில்வோர் பலர். அவ்வரலாறு எங்கிருந்து கிடைத்தது, அதனை எழுதியவர் எதனைக் கண்டு எழுதினார் என்று வினவுவோர் மிகச் சிலர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நம் நாட்டுக் கல்லூரிகளில் வரலாறு பயின்ற மாணவர்க்கு அவ்வாறு வினவுதற்கு வாய்ப்பும் குறைவு. ஆங்கிலேயர் எழுதிய நூல்கள் பாடமாக இருந்தன; ஆசிரியர் அவற்றைச் சுருக்கிக் குறிப்புச் சொல்வார்; மாணவர் அதனை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுவர். முகலாயர் காலத்துப் பாரசீகச் சுவடிகளோ, மராத்தியர் காலத்து மோடி எழுத்து ஆவணங்களோ, அரண்மனைகளிலும் பழைய குடும்பத்தினர் இல்லங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கட்டுண்டு கிடந்தன. அக்கட்டுகளைத் தேடி அவிழ்ப்பதே வரலாற்றுக் கல்வியின் தொடக்கம் என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் செய்து காட்டியவர் ஜதுநாத் சர்க்கார்.

அவர் 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள், வங்காளத்தின் ராஜசாகி மாவட்டத்தில், நாட்டோர் என்னும் ஊரை அடுத்த கரச்மாரியா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காள தேச நாட்டில் உள்ளது. தந்தையார் ராஜகுமார் சர்க்கார் நிலக்கிழார். நூல்களில் பெருவிருப்பு உடையவர். ராஜசாகியில் தொடக்கக் கல்வி முடித்த இளைஞர், கல்கத்தா மாநிலக் கல்லூரியிற் சேர்ந்தார். 1892ஆம் ஆண்டு எம்.ஏ. தேர்வில் முதல் வகுப்பில் முதல்வராகத் தேறினார். ஆனால், அவர் எடுத்துக்கொண்ட பாடம் வரலாறு அன்று. ஆங்கில இலக்கியமே ஆகும். பின்னாளில் இந்திய வரலாற்றாசிரியர்களின் தலைவராக மதிக்கப்பெற்ற ஒருவர், எம்.ஏ. வகுப்பில் வரலாறு பயின்றவர் அல்லர் என்பது வியப்பாகத் தோன்றலாம். அக்காலத்து வகுப்பறை அவருக்குத் தந்திருக்கக்கூடியது எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பின் அவ்வியப்புக் குறையும்.

இங்கிலாந்து சென்று படிப்பதற்கு அரசாங்கம் உதவித்தொகை தர முன்வந்தது. அவர் அதனை ஏற்கவில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் மிக உயர்ந்த பரிசாகிய பிரேம்சந்து ராய்சந்து பரிசிலுக்கு முயன்று, 1897இல் அதனை வென்றார். அதன் பொருட்டு எழுதிய ஆராய்ச்சியே 1901இல், ஔரங்கசீபு காலத்து இந்தியாவின் நில அமைப்பையும் வழிகளையும் வருவாய்க் கணக்குகளையும் கூறும் நூலாக வெளிவந்தது. ஓர் அரசனைப் பற்றி எழுதப் புகுந்தவர் அவனுடைய போர்களிலிருந்து தொடங்காமல் சாலைகளிலிருந்தும் கணக்குகளிலிருந்தும் தொடங்கினார் என்பது கருதத்தக்கது.

1893 முதல் கல்கத்தாவில் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றிய சர்க்கார், 1898இல் அரசாங்கக் கல்விப் பணியில் அமர்ந்தார். அக்காலத்தில் அப்பணி இரு படிகளாக அமைந்திருந்தது. மேற்படியில் பெரும்பாலும் ஐரோப்பியரே அமர்த்தப்பெற்றனர். அவர்க்கு ஊதியமும் மிகுதி. இந்தியர் மாகாணப் பணி என்னும் கீழ்ப்படியில் வைக்கப்பெற்றனர். சர்க்கார் மேற்படிக்கு உயர்த்தப்பெற்றது 1918இல். அதற்குள் இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர்தம் ஔரங்கசீபு வரலாற்றின் மூன்று தொகுதிகள் உலகறிய வெளிவந்தும் இருந்தன.

அவருடைய ஆசிரியப் பணியின் பெரும்பகுதி பாட்னாக் கல்லூரியில் கழிந்தது. அங்கே ஆங்கிலமும் பின்னர் வரலாறும் கற்பித்தார். கல்லூரிக்கு அண்மையில், கங்கைக் கரையில், குதா பக்சு என்னும் பெரியார் நிறுவி 1891இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட நூல்நிலையம் இருந்தது. பாரசீக, அரபுச் சுவடிகள் அங்கே திரளாகச் சேர்க்கப்பெற்றிருந்தன. சர்க்கார் பாரசீக மொழியைக் கற்றார். ஒரு சுவடியைக் கண்டவுடன் அதனை நம்பிவிடும் இயல்பு அவரிடம் இல்லை. ஒரு நூலின் பல படிகளை வரவழைத்து, சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு, எந்தப் படி பழையது, எந்த இடத்தில் எழுதியவன் கைபிழைத்தது, எங்கே பிற்காலத்தான் ஒருவன் தன் கற்பனையைச் செருகினான் என்று காண்பார். இலண்டன், பாரிசு, பெர்லின் முதலிய நகரங்களில் இருந்த சுவடிகளுக்குத் தம் பொருளைச் செலவிட்டு நிழற்படப் படிகள் எடுப்பித்தார். கீழ்ப்படி ஊதியம் பெற்ற ஓர் ஆசிரியர்க்கு அது சிறு செலவு அன்று. பாரிசு நகரத்து நூல்நிலையத்தில் இன்ன நூலென அறியப்படாது கிடந்த ஒரு சுவடி, சகாங்கீர் காலத்தில் வங்காளத்திலும் அசாமிலும் நடந்த போர்களை உடனிருந்து கண்ட மிர்சா நாதன் என்னும் படைத்தலைவர் எழுதியது என்று கண்டறிந்தவரும் அவரே. வங்காள வரலாற்றின் ஒரு பகுதி அதனால் புதிதாக எழுதப்பட வேண்டியதாயிற்று.

அவர் பயன்படுத்திய சான்றுகளுள் தலையானவை அக்பாராத்து என்பவை. முகலாயப் பேரரசரின் அவையில், நாள்தோறும் யார் வந்தார், யாருக்கு என்ன பதவி கிடைத்தது, எந்தத் தளபதியிடமிருந்து என்ன செய்தி வந்தது, பேரரசர் அதற்கு என்ன ஆணையிட்டார் என்பவற்றை எழுதுவோர் குறித்துவைப்பர். அரசரவையில் தங்கியிருந்த சிற்றரசர்களின் முகவர்கள் அக்குறிப்புகளைப் படியெடுத்துத் தம் தலைவர்க்கு அனுப்புவர். அவ்வாறு செய்பூர் அரசர்க்கு வந்த தாள்கள் அவ்வரண்மனையிலே காக்கப்பட்டிருந்தன. ஒரு பகுதி இலண்டனுக்குச் சென்றிருந்தது. ஆண்டுகள் பல கழிந்தபின் அரசனைப் புகழ்வதற்கென எழுதப்பட்ட நூலுக்கும், அன்று நடந்ததை அன்றே குறித்த தாளுக்கும் உள்ள வேற்றுமை பெரிது. முன்னது ஓர் உரையாசிரியரின் கருத்து. பின்னது ஏறத்தாழச் சாட்சியின் வாக்குமூலம். சர்க்கார் இத்தகைய தாள்களை ஆயிரக்கணக்கிற் படித்து, நாள் தவறாமல் நிகழ்ச்சிகளை நிரல்படுத்தினார்.

இவ்வாறு எழுந்ததே ஐந்து தொகுதிகளைக் கொண்ட ஔரங்கசீபு வரலாறு. முதல் இரு தொகுதிகள் 1912இலும், இறுதித் தொகுதி 1924இலும் வெளிவந்தன. இறுதித் தொகுதியில் தமிழ்நாட்டுச் செய்தி ஒன்றும் விரிவாக இடம்பெற்றுள்ளது. சிவாசியின் மைந்தர் இராசாராம் செஞ்சிக் கோட்டையில் தங்க, முகலாயப் படை 1690 முதல் 1698 வரை அக்கோட்டையை முற்றுகையிட்டது. அம்முற்றுகையின் நிகழ்ச்சிகளைப் பாரசீக நூல்கள் ஒருவாறு கூறும். மராத்திய நூல்கள் வேறொருவாறு கூறும். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரராகிய பிரான்சுவா மார்த்தேன் தாம் கேட்டவற்றைத் தம் மொழியில் எழுதிவைத்திருந்தார். சென்னையில் இருந்த ஆங்கில வணிகரும் தம் குறிப்பேடுகளில் எழுதியிருந்தனர். எவர் பக்கத்தையும் சாராத அயலார் கூற்றையும் அறிந்தாலன்றி உண்மை துணியப்படாது எனக் கருதிய சர்க்கார், பிரெஞ்சு, போர்த்துகீசிய மொழிகளையும் பயின்றார். இரண்டு நாடுகள் போரிட்ட வரலாற்றை ஒரு நாட்டின் மொழியை மட்டும் கற்று எழுதுவது, வழக்கில் ஒரு கட்சியாரை மட்டும் விசாரித்துத் தீர்ப்புக் கூறுவதை ஒக்கும் அன்றோ?

மராத்திய மொழியில் அவருக்குத் துணையாக வாய்த்தவர் பரோடா அரசில் பணியாற்றிய கோவிந்த சகாராம் சர்தேசாய். 1904ஆம் ஆண்டு கடித வாயிலாகத் தொடங்கிய நட்பு, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஒருவர் வங்காளி; மற்றவர் மராத்தியர். பாரசீகச் சான்று வேண்டியபோது சர்தேசாய் சர்க்காரை வினவுவார். மராத்தியச் சான்று வேண்டியபோது சர்க்கார் சர்தேசாயை வினவுவார். விடுமுறை நாள்களில் இருவரும் தக்காணத்து மலைக்கோட்டைகளுக்கும் போர்க்களங்களுக்கும் நடந்து செல்வர். படை எவ்வழி வந்திருக்கக்கூடும், நீர் எங்கே கிடைத்திருக்கும், ஒரு நாளில் குதிரை எவ்வளவு தொலைவு கடந்திருக்கும் என்பவற்றை நேரில் கண்டே எழுதுதல் அவர்தம் வழக்கம்.

1919இல் சர்க்கார் சிவாசியைப் பற்றி எழுதிய நூல் வெளிவந்தது. சிவாசியின் ஆற்றலை அவர் பெரிதும் போற்றியிருந்தார். எனினும், மக்களிடையே வழங்கிய கதைகள் பலவற்றைச் சான்றில்லை என்று விலக்கியிருந்தார். அதனால் மராத்திய அறிஞர் பலர் அவர்மீது சினங்கொண்டனர். அவர்கள் காட்டிய சான்றுகளுள் தக்கன இருந்தபோது பின்வந்த பதிப்புகளில் தம் நூலைத் திருத்திக்கொண்டார். சான்றில்லாத சினத்துக்கு அவர் இசைந்து கொடுத்ததில்லை.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1917 முதல் வரலாற்றுத் துறைத் தலைவராகவும், பின்னர்க் கட்டாக்கு நகரத்துக் கல்லூரியிலும், மீண்டும் பாட்னாவிலும் பணிபுரிந்தார். அதே காலத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் எம்.ஏ. வகுப்புகளைத் தன் பொறுப்பில் விரிவாக நடத்தத் தொடங்கியது. அதனை முன்னின்று நடத்தியவர் அசுதோசு முகர்சி. சர்க்கார் அத்திட்டத்தைக் கடுமையாகக் குறைகூறினார். மாணவர் தொகை பெருகத் தேர்வின் தரம் தாழ்கிறது என்றும், மூலச் சான்றைப் படிக்கும் மொழியறிவு இல்லாதார்க்கு ஆராய்ச்சிப் பட்டம் தகாது என்றும் வாதிட்டார். முகர்சியின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. கல்லூரிக் கதவுகளைப் பலர்க்கும் திறவாவிட்டால் ஆராய்ச்சி செய்யும் சிலரும் எங்கிருந்து வருவர்? நாட்டுக்கு இவ்விரு கவலைகளும் வேண்டியவையே. 1926இல் சர்க்காரே அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக அமர்த்தப்பெற்றார். முன்பு குறைகூறியவர் இப்போது சீர்திருத்த வேண்டியவர் ஆனார். எதிர்ப்பு வலுத்தது, இரண்டாண்டு கழிந்தபின் 1928இல் அப்பதவியினின்று நீங்கி, மீண்டும் தம் சுவடிகளிடமே வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு அரசாங்கம் அவருக்குச் சர் பட்டம் அளித்தது.

அவருடைய மாணவர் எல்லாரும் வகுப்பறையில் இருந்து பயின்றவர் அல்லர். மாளவத்தைச் சேர்ந்த சீதாமௌ அரசின் இளவரசர் ரகுவீர் சிங் அவரிடம் வழிகாட்டுதல் பெற்று ஆராய்ச்சி செய்து, 1936இல் ஆக்ராப் பல்கலைக்கழகத்தின் டி.லிட். பட்டம் பெற்றார். சுவடிப் படிகளையும் அரிய நூல்களையும் தொகுத்துத் தம் ஊரில் பெரியதொரு நூல்நிலையமும் அமைத்தார்.

புனாவில் பேசுவாக்களின் அலுவலக ஆவணங்கள் பல்லாயிரம் கட்டுகளாக அரசாங்கக் காவலில் இருந்தன. அவற்றை ஆராய்ச்சியாளர்க்குத் திறந்துவிட ஆட்சியாளர் நெடுங்காலம் தயங்கினர். சர்க்கார் இடைவிடாது வற்புறுத்தினார். இறுதியில் சர்தேசாயை அமர்த்தி ஆவணங்களைத் தெரிந்து வெளியிட அரசாங்கம் இசைந்தது. 1930 முதல் 1934 வரை 45 தொகுதிகள் வெளிவந்தன. வேறு அறிஞர்க்கு நுழைவு மறுக்கப்பட்டதே எனப் புனாவில் மனக்குறை எழுந்தது. அக்குறை பொருளற்றதும் அன்று.

அறுபது வயதைக் கடந்தபின் முகலாயப் பேரரசின் வீழ்ச்சி என்னும் நான்கு தொகுதி நூலைச் சர்க்கார் தொடங்கினார். நாதிர்ஷா தில்லியைச் சூறையாடிய 1739ஆம் ஆண்டுக்குப் பின்னிருந்து, ஆங்கிலேயர் அந்நகரைக் கைப்பற்றிய 1803 வரை நடந்தவற்றை அது கூறும். முதல் தொகுதி 1932இல் வெளிவந்தது. நான்காம் தொகுதிக்கான காலம் அவர்தம் வாழ்வில் துயர் மிகுந்த காலம். நாடு பிரிவினையை நோக்கிச் சென்ற நாள்களில், கல்கத்தாவில் மூண்ட வகுப்புக் கலவரத்தில், அவருடைய மூத்த மைந்தர் கத்திக் குத்துக்கு இரையானார். முதுமையில் அத்துயரைத் தாங்கிய தந்தையார் எழுதுவதை விட்டுவிடவில்லை. 1950இல், தம் எண்பதாம் வயதில், அந்நூலை முடித்தார்.

பேரரசுகளின் வீழ்ச்சிக்கு அரசர்தம் குணத்தையும் சமயக் கொள்கையையும் மிகுதியாகக் காரணம் காட்டினார், உழவர் பட்ட பாட்டையும் பொருளியல் மாறுதல்களையும் போதிய அளவு ஆராயவில்லை என்று பின்வந்த வரலாற்றாசிரியர் அவரைக் குறைகூறினர். அவர்தம் முடிவுகள் பல மறுக்கப்பட்டன. மறுத்தவருள் பலர் அவர் வெளிக்கொணர்ந்த தாள்களைப் படித்தே மறுத்தனர்.

சர்க்கார் 1958ஆம் ஆண்டு மே மாதம் கல்கத்தாவில் காலமானார். அவர் வாழ்நாள் முழுவதும் தேடித் தொகுத்த சுவடிப் படிகளும் நூல்களும் அந்நகரத்துத் தேசிய நூல்நிலையத்தைச் சென்றடைந்தன. ஏரிக்கரைப் பகுதியில் அவர் வாழ்ந்த இல்லத்தில், 1973இல் நிறுவப்பெற்ற சமூக அறிவியல் ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகள் இயங்கியது. பின்னர் அவ்வில்லம் அவர் பெயரைத் தாங்கிய அருங்காட்சியகமாகவும் ஆவணக் காப்பகமாகவும் அமைந்தது. அவர் அமர்ந்து எழுதிய வீட்டில் வரலாற்று மாணவர் பழைய தாள்களைப் புரட்டிக் குறிப்பெடுத்து வருகின்றனர்.