பலூன் சுடும் பந்தயத்தில் தொடங்கிய உலகப் போட்டி: யார் இந்த ஜெஃப் கூப்பர்?

துப்பாக்கி சுடுதல் போட்டி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மனு பாக்கர்தான். அசையாமல் நின்று, ஒரு கையை நீட்டி, 10 மீட்டர் தள்ளி இருக்கும் சின்ன வட்டத்தைக் குறி வைக்க வேண்டும்.

இதற்கு அப்படியே தலைகீழான ஒரு போட்டியும் இருக்கு. பீப் சத்தம் கேட்டதும் இடுப்பில் இருந்து துப்பாக்கியை உருவி, ஓடிக்கொண்டே சுட வேண்டும். தடுப்புக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்துச் சுட வேண்டும். நடுவில் குண்டு தீர்ந்தால் ஓட்டத்திலேயே மேகசின் மாற்ற வேண்டும். இதன் பெயர் பிராக்டிகல் ஷூட்டிங். ஒலிம்பிக்கில் இது கிடையாது. ஆனால் இதற்கென்று சர்வதேச அமைப்பு, உலக சாம்பியன்ஷிப், தடிமனான விதிப் புத்தகம் எல்லாம் உண்டு.

இந்தப் போட்டிக்கு உருவம் கொடுத்தவர் ஜெஃப் கூப்பர். உலகமே ஏற்றுக்கொண்ட பிறகு, இது நான் நினைத்த போட்டியே இல்லை என்று வருத்தப்பட்டவரும் அவர்தான். ஏன்? என்ன நடந்தது?

ராணுவ அதிகாரி, வரலாற்று வாத்தியார்

முழுப் பெயர் ஜான் டீன் கூப்பர். 1920 மே 10-ம் தேதி அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தார். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்தார். 1941 செப்டம்பரில் மரைன் படையில் அதிகாரி ஆனார். மூன்றே மாதத்தில் பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து, அமெரிக்கா போரில் குதித்தது. பசிபிக் கடலில் யுஎஸ்எஸ் பென்சில்வேனியா போர்க்கப்பலில் பணியாற்றினார். போர் முடியும்போது மேஜர்.

1949-ல் ராஜினாமா செய்தார். கொரியப் போர் வந்ததும் திரும்பப் போனார், லெப்டினன்ட் கர்னல் ஆனார். அந்தப் போர் முடிந்த பிறகும் படையில் தொடர விரும்பினார், ஆனால் அனுமதி கிடைக்கவில்லை. அதன்பிறகு துப்பாக்கி பற்றிப் பத்திரிகைகளில் எழுதினார். பள்ளியிலும் கல்லூரியிலும் பகுதி நேரமாக வரலாறு சொல்லிக் கொடுத்தார். 1960-களின் நடுவில் வரலாற்றில் முதுகலைப் பட்டமும் வாங்கினார்.

கடைசி வரை எல்லோரும் அவரைக் கர்னல் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் அவருக்குள் இருந்தது ஒரு வாத்தியார். எதையும் சும்மா விட மாட்டார். பெயர் வைப்பார், வகை பிரிப்பார், விதி எழுதுவார். அந்தக் குணம்தான் பின்னாடி பெரிய வேலை செய்தது.

21 அடி தூரம், ஒரு பலூன்

1950-களில் அமெரிக்க டிவியில் கவ்பாய் தொடர்கள் சக்கைப் போடு போட்டன. யார் வேகமாகத் துப்பாக்கியை உருவுகிறார்கள் என்ற பந்தயம் ஊர் ஊராகப் பரவியது. பெரும்பாலான இடங்களில் வெறும் சத்தம் மட்டும் வரும் போலித் தோட்டாக்களைத்தான் பயன்படுத்தினார்கள்.

கூப்பருக்கு இது போதவில்லை. கலிஃபோர்னியாவின் பிக் பேர் ஏரிப் பகுதியில் அவர் நடத்திய பந்தயத்தில் நிஜக் குண்டு. லெதர் ஸ்லாப் என்று பெயர். 21 அடி தூரத்தில் 18 அங்குல பலூன்கள் இருக்கும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். யார் பலூன் முதலில் வெடிக்கிறதோ அவருக்கு வெற்றி. அவ்வளவுதான் விதி.

எல்லோரும் கவ்பாய் பாணியில் இடுப்பில் இருந்தே சுட்டார்கள், கூப்பர் உட்பட. வேகம் இருந்தது. பலூன் மட்டும் வெடிக்கவில்லை! 21 அடி என்பது ஒரு பெரிய ஹாலின் நீளம்தான். அந்தத் தூரத்தில்கூடப் படபடவென்று சுட்டுத் தீர்த்துவிட்டு, கடைசியில் நிதானமாகக் குறி பார்த்துச் சுட வேண்டிய நிலைமை.

லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட ஷெரிஃப் துறையில் வேலை பார்த்த ஜாக் வீவர் இதைக் கவனித்தார். இரண்டு கையாலும் ரிவால்வரைப் பிடித்தார், கண் மட்டத்துக்குத் தூக்கினார், ஒரே ஒரு முறை குறி பார்த்துச் சுட்டார். பார்க்க மெதுவாகத் தெரிந்தது. ஆனால் 1959-ல் ஜெயித்தது அவர்தான்.

அவர் கையில் இருந்தது ஆறு அங்குலக் குழல் கொண்ட சாதாரண ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கே-38. விசேஷமான பந்தயத் துப்பாக்கி எதுவும் இல்லை.

இங்கேதான் கூப்பர் மற்றவர்களிடம் இருந்து வித்தியாசப்படுகிறார். பந்தயத்தை நடத்துபவர், தோற்றவர். வீவர் செய்தது அதிர்ஷ்டம் என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. வீவரின் பாணியை உட்கார்ந்து படித்தார், தானும் மாறினார், அதைப் பற்றி எழுதி நாடு முழுக்கப் பரப்பினார். வீவர் ஸ்டான்ஸ் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்க முக்கியக் காரணம் கூப்பரின் பேனா.

வீவர், ரே சாப்மன், எல்டன் கார்ல், தெல் ரீட், கூப்பர் என்று ஒரு செட் சேர்ந்தது. போட்டி நாளில் ஒருத்தரை ஒருத்தர் தோற்கடிக்கத் துடிப்பார்கள். ஆனால் ஒருவர் கண்டுபிடித்த உத்தி சீக்கிரமே எல்லோருடைய உத்தியும் ஆகிவிடும். இவர்களுள் தெல் ரீட் ரொம்பச் சின்னப் பையன். பிற்காலத்தில் ஹாலிவுட் நடிகர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவர் இவர்தான்.

துல்லியம், வலிமை, வேகம்

நல்ல உத்தி கிடைத்தாச்சு. ஆனால் ஒரே மாதிரிப் போட்டி நடத்தினால் ஆட்கள் அதற்கு மட்டும் பழகிவிடுவார்கள் என்பது கூப்பரின் கவலை. அதனால் போட்டி அமைப்பை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒருமுறை பக்கத்தில், ஒருமுறை தூரத்தில். ஒருமுறை ஓட வேண்டும், ஒருமுறை இடது கையால் சுட வேண்டும். வினாத்தாள் முன்கூட்டியே தெரியாத பரீட்சை மாதிரி.

1975-ல் சுவிட்சர்லாந்தின் ஜூரிக்கில் முதல் உலகப் போட்டி நடந்தது. ஜெயித்தவர் அந்தப் பழைய செட்டின் ரே சாப்மன். அடுத்த ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கொலம்பியா நகரில் பல கண்டங்களைச் சேர்ந்த சுமார் 40 பேர் கூடினார்கள். அங்கே பிறந்ததுதான் ஐபிஎஸ்சி எனப்படும் சர்வதேச பிராக்டிகல் ஷூட்டிங் கூட்டமைப்பு. முதல் தலைவர் கூப்பர்.

அமைப்பின் குறிக்கோள் மூன்று லத்தீன் சொற்கள். டிவிசி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். துல்லியம், வலிமை, வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றும் சமமாக இருக்க வேண்டும் என்பதுதான் கூப்பரின் பிடிவாதம்.

அதை எப்படி மார்க்காக மாற்றினார்கள் என்பது சுவாரஸ்யம்.

அட்டை இலக்கின் நடுப்பகுதியில் பட்டால் 5 புள்ளி. மொத்தப் புள்ளியை எடுத்துக்கொண்ட விநாடியால் வகுப்பார்கள். ஒருவர் 60 புள்ளியை 10 விநாடியில் எடுத்தால் அவர் மதிப்பு 6. இன்னொருவர் 50 புள்ளிதான் எடுத்தார், ஆனால் 5 விநாடியில் முடித்துவிட்டார் என்றால் அவர் மதிப்பு 10. இரண்டாமவருக்கே வெற்றி. அப்போ குறி பார்க்காமல் ஓடிவிடலாமே என்று கேட்டால், முடியாது. இலக்கைத் தவறவிட்டால் 10 புள்ளி கழியும்.

வலிமைக்கு வேறொரு கணக்கு. குண்டின் எடையை கிரெயின் அளவிலும் வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்து, பெருக்கி, ஆயிரத்தால் வகுப்பார்கள். 230 கிரெயின் எடையுள்ள .45 குண்டு 800 அடி வேகத்தில் போனால் 184 வரும். இது மேஜர். 115 கிரெயின் 9 எம்எம் குண்டு 1,150 அடி வேகத்தில் போனால் 132 சொச்சம். இது மைனர். நடுப்பகுதியில் பட்டால் இருவருக்கும் அதே 5 தான். சற்று விலகிப் பட்டால் மேஜருக்கு 4, மைனருக்கு 3. ஓரத்தில் பட்டால் 2, 1.

கூப்பர் .45 கோல்ட் 1911 துப்பாக்கியின் தீவிர ரசிகர். அதிகம் உதைக்கும் துப்பாக்கியை அடக்கிச் சுடுபவருக்கு அதற்கான பலன் கிடைக்க வேண்டும் என்று நினைத்தார். இன்றும் பெரிய போட்டிகளில் ஒவ்வொருவரிடமும் சில தோட்டாக்களை வாங்கி வேகமானியில் சுட்டுப் பார்ப்பார்கள். 125-க்குக் கீழே போனால் ஆடலாம், ஆனால் புள்ளி கிடையாது.

தவறு செய்தால் சாம்பியனும் வீட்டுக்கு

1976-லேயே அரிசோனா மாநிலத்தின் பால்டனில் ஒரு பயிற்சிப் பள்ளியையும் கூப்பர் தொடங்கினார். கன்சைட் என்றால்தான் பலருக்கும் தெரியும். அவர் சொல்லிக் கொடுத்த நான்கு பாதுகாப்பு விதிகள் இன்று உலகம் முழுக்கத் துப்பாக்கிப் பயிற்சியின் அரிச்சுவடி ஆகிவிட்டன. எந்தத் துப்பாக்கியிலும் குண்டு இருக்கிறது என்றே நினைக்க வேண்டும். அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல் திரும்பக் கூடாது. குறி சேரும்வரை விரல் விசைக்குப் போகக் கூடாது. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று தவறினாலும் அடுத்தது காப்பாற்றும் விதமாக இவை அமைந்திருக்கின்றன. அவரது மற்ற எல்லாப் பங்களிப்பையும் விட இதுதான் பெரியது என்று தாராளமாகச் சொல்லலாம்.

போட்டியில் இதன் தாக்கத்தைப் பார்க்கலாம். அதிகாரி உத்தரவு தராமல் யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. குழல் 90 டிகிரியைத் தாண்டிப் பக்கவாட்டில் திரும்பினால் தகுதி நீக்கம். தெரியாமல் குண்டு வெடித்தாலும் தகுதி நீக்கம். கை நழுவித் துப்பாக்கி கீழே விழுந்தால் அதை அவரே எடுக்கக்கூட முடியாது, அதிகாரிதான் எடுப்பார். உலக சாம்பியனாக இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

இவ்வளவு கறார் இருந்தும் மைதானத்தில் சூழ்நிலை இறுக்கமாக இருக்காது. வீரர்கள் குழுவாகவே ஒவ்வொரு கட்டமாகப் போவார்கள். ஒருவர் சுட்டு முடித்ததும், அவரோடு போட்டி போடும் மற்றவர்களே போய் அட்டையில் விழுந்த ஓட்டைகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், சாய்ந்த இரும்புத் தகடுகளை நிமிர்த்தி வைப்பார்கள். சும்மா உட்கார்ந்திருப்பவரை யாருக்கும் பிடிக்காது. துப்பாக்கி மக்கர் செய்தால் உதிரி பாகம் பெரும்பாலும் எதிராளியின் பையில் இருந்துதான் வரும்.

விலகல் எங்கே தொடங்கியது?

வரலாறு திரும்பியது. 1980-களின் தொடக்கத்தில் ராப் லேத்தம், பிரையன் ஈனோஸ் என்ற இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். வீவர் பாணியை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் சமமாக நீட்டி, உடலை நேராக வைத்துச் சுட்டார்கள். வேகம் எகிறியது. 1983-ல் லேத்தம் உலக சாம்பியன். வீவரிடம் தோற்று மாறிய கூப்பர், இந்த முறை மாறவில்லை. தன் பள்ளியில் வீவர் பாணியையே தொடர்ந்தார்.

அதைவிட அவரைக் கடுப்பேற்றியது துப்பாக்கிகள். மேஜர் கணக்கில் எடை குறைவாக இருந்தால் வேகத்தைக் கூட்டி ஈடுகட்டலாம் அல்லவா? வீரர்கள் .38 சூப்பர் தோட்டாவில் மருந்தை அதிகமாக நிரப்பினார்கள். மருந்து கூடினால் வாயுவும் கூடும். குழல் முனையில் காம்பன்சேட்டர் என்ற துளையிட்ட கருவியைப் பொருத்தினால், அந்த வாயு மேல்நோக்கிப் பீறிட்டுத் துப்பாக்கியை எகிறாமல் அழுத்தும். வலிமைக்காகப் போட்ட விதியே உதைப்பைக் குறைக்க உதவியது! பிறகு சிவப்புப் புள்ளி காட்டும் ஆப்டிக் வந்தது, நீளமான மேகசின் வந்தது. ரேஸ் கன் என்று பெயரும் வந்தது.

நடைமுறையில் இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாட முடியாத கருவிக்கு நடைமுறைப் போட்டியில் என்ன வேலை என்பது கூப்பரின் கேள்வி. தான் தொடங்கிய விளையாட்டு வெறும் விளையாட்டாகிவிட்டது என்று கடைசி வரை எழுதினார். ஆனால் இதில் அவர் மீதும் கொஞ்சம் பொறுப்பு உண்டு. மார்க் போட்டு, நேரம் பார்த்து, கோப்பை கொடுத்தால் மனிதர்கள் ஜெயிக்கத்தான் வழி தேடுவார்கள். அன்றைக்கு வீவர் செய்ததும் அதுதானே?

அவர் எல்லோருக்கும் பிடித்தமானவர் இல்லை. துப்பாக்கிக் கட்டுப்பாட்டைக் கடுமையாக எதிர்த்தார், அதை ஆதரிப்பவர்களைக் கிண்டல் செய்ய ஒரு புதுச் சொல்லையே உருவாக்கினார். அந்தச் சொல் பற்றிய சண்டை அமெரிக்காவில் இன்னும் ஓயவில்லை.

1992-ல் கன்சைட் பள்ளியை விற்றார். புது நிர்வாகத்தோடு ஒத்துப்போகவில்லை. 1999-ல் பள்ளி மீண்டும் கை மாறிய பிறகு திரும்ப வந்து பாடம் எடுத்தார். 2006 செப்டம்பர் 25-ம் தேதி பால்டனில் உள்ள தன் வீட்டில் 86 வயதில் காலமானார்.

அதற்கு 10 ஆண்டுகளுக்கு முன்பே, 1996-ல், ஐபிஎஸ்சி-யின் பழைய ஆட்களில் ஒருவரான கென் ஹாக்கத்தார்ன், துப்பாக்கித் தயாரிப்பாளர் பில் வில்சன் உள்ளிட்ட சிலர் சேர்ந்து ஐடிபிஏ என்ற தனி அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள். அன்றாடம் வைத்திருக்கும் சாதாரணத் துப்பாக்கிக்குத்தான் அங்கே முக்கியத்துவம். ஐபிஎஸ்சி-யும் பின்னாளில் கடையில் வாங்கியபடியே பயன்படுத்தும் துப்பாக்கிகளுக்கு புரொடக்‌ஷன் என்று தனிப் பிரிவு கொண்டுவந்தது. காம்பன்சேட்டர், ஆப்டிக் எதுவும் அதில் கூடாது. கூப்பர் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். ஆனால் அந்தப் பிரிவில் எல்லோருக்கும் மைனர் மார்க் மட்டும்தான். அவருக்குப் பிடித்த .45-க்கும் 9 எம்எம்-க்கும் அங்கே வித்தியாசம் கிடையாது.