குதிரையை அறிந்த அரசி

முழு வளர்ச்சி அடைந்த குதிரை ஒன்று ஏறத்தாழ 400 முதல் 500 கிலோகிராம் எடை கொண்டது. அதன் ஓர் உதை வலிமை மிக்க ஆளையும் சாய்த்துவிடும். ஆயினும், பரிவோடு பழகும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கடிவாளத்தைப் பற்றினால் அக்குதிரை அவளுக்குக் கட்டுப்பட்டு நடக்கும். இது வியப்பன்று. குதிரை, புல்வெளிகளில் பகை விலங்குகளுக்கு அஞ்சி ஓடிப் பிழைத்த இனத்தைச் சேர்ந்தது. ஆதலால், தன்மேல் அமர்ந்திருப்பவரின் பதற்றத்தையும் அமைதியையும் அது உடனே உணர்ந்துகொள்கிறது. அதனைப் பழக்குவதற்கு உடல் வலிமையைவிடப் பொறுமையும் மனவுறுதியுமே மிகுதியாகத் தேவைப்படுகின்றன.

உலகெங்கும் பெண்கள் பலர் குதிரையேற்றத்தை விரும்பிக் கற்பதற்கு இதுவும் ஒரு காரணம். குதிரையின் முதுகில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள உடல் வலிமை வேறுபாடு பெரிதாகத் தோன்றுவதில்லை. ஒலிம்பிக் குதிரையேற்றப் போட்டிகளில் ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பிரிவுகளின்றி ஒருவரோடு ஒருவர் மோதுகின்றனர். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் நடைபெற்ற ஒலிம்பிக்கில் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் என்பவர் ஆண்களுடன் போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்திருந்த அவரைப் பிறர் துணை நின்றுதான் குதிரைமேல் ஏற்ற வேண்டியிருந்தது. ஏறி அமர்ந்த பின்னர் அவருக்கு எவர் துணையும் தேவைப்படவில்லை.

லிஸ் ஹார்ட்டெலுக்கு நூறாண்டுகளுக்கு முன்பே, பெண்கள் அரண்மனைத் திரைக்குப் பின்னால் வாழ வேண்டும் என்று கருதிய ஒரு காலத்தில், குதிரையின் முதுகிலே தம் விடுதலையைக் கண்டவர் ஜான்சி இராணி இலட்சுமிபாய்.

இலட்சுமிபாய் வட இந்தியாவில் கங்கைக் கரையில் அமைந்த வாரணாசியில் பிறந்தார். 1828ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் அவர் பிறந்த நாளாகப் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் மணிகர்ணிகா. வீட்டில் அவரை மனு என்று செல்லமாக அழைத்தனர். தந்தை மோரோபந்த் தாம்பே, பிட்டூரில் வாழ்ந்த மராத்தியப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவிடம் பணியாற்றியவர். மனுவுக்கு நான்கு வயதானபோது தாயார் பாகீரதிபாய் காலமானார். தாயை இழந்த பெண்ணைத் தந்தை தம்மோடு பேஷ்வாவின் மாளிகைக்கு அழைத்துச் செல்வது வழக்கமாயிற்று.

அந்த மாளிகையில் மனுவுக்கு விளையாட்டுத் தோழர்களாக வாய்த்தவர்கள் சிறுவர்களே. பேஷ்வாவின் வளர்ப்பு மகன் நானா சாகிபும், பிற்காலத்தில் படைத்தலைவராகப் புகழ்பெற்ற தாந்தியா தோபேயும் அவர்களுள் அடங்குவர். சிறுவர்கள் கற்ற எழுத்து, வாள்வீச்சு, குதிரையேற்றம் ஆகிய அனைத்தையும் மனுவும் கற்றார். நானா சாகிப் யானைமீது உலா சென்றபோது தம்மையும் ஏற்றிக்கொள்ளுமாறு மனு கேட்டதாகவும், அது மறுக்கப்பட்டபோது ஒரு நாள் தம்மிடம் பல யானைகள் இருக்கும் என்று அவர் சூளுரைத்ததாகவும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. ஆனால், மனுவின் மனத்தைக் கவர்ந்தது யானையன்று, குதிரையே. யானைமேல் செல்பவரைப் பாகன் அழைத்துச் செல்கிறான். குதிரைமேல் செல்பவரோ தாமே வழியைத் தீர்மானிக்கிறார். பெண் குழந்தைக்கு எல்லா வழிகளையும் பிறரே வகுத்துக் கொடுத்த அக்காலத்தில், தானே வழி தேர்ந்து செல்லும் வாய்ப்பு மனுவுக்குக் குதிரையின் முதுகிலேதான் கிடைத்தது.

1842ஆம் ஆண்டு மனுவுக்கும் ஜான்சி மன்னர் கங்காதர ராவுக்கும் திருமணம் நடைபெற்றது. அன்று முதல் அவர் இலட்சுமிபாய் என்னும் பெயரைப் பெற்றார். அரண்மனை வாழ்க்கை பிட்டூர் வாழ்க்கையைப் போன்று இல்லை. அரசகுலப் பெண்கள் வெளியார் கண்ணில் படாமல் வாழ்வதே அங்கு மரபாக இருந்தது. இலட்சுமிபாய் மனந்தளரவில்லை. வெளியே செல்ல முடியாவிட்டால் என்ன, அரண்மனை வளாகத்திலேயே குதிரைகள் இருந்தன, பணிப்பெண்களும் இருந்தனர். தம்மைச் சூழ்ந்திருந்த பெண்களைத் திரட்டி அவர்களுக்குக் குதிரையேற்றமும் வாட்பயிற்சியும் கற்பித்தார் என்று கூறுவர். தாம் சுவைத்த இன்பத்தைத் தமக்கென்று மட்டும் வைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை.

குதிரைமீது அவர் கொண்ட விருப்பம் வெறும் பொழுதுபோக்காக நிற்கவில்லை. ஆழ்ந்த அறிவாக வளர்ந்தது. குதிரையின் நடையையும் உடற்கட்டையும் மூச்சையும் கொண்டே அதன் தரத்தைக் கணிக்கும் ஆற்றல் அவருக்கு இருந்தது. இது குறித்து ஒரு செய்தி வழங்கி வருகிறது. குதிரை வணிகர் ஒருவர் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றிய இரு குதிரைகளைக் கொண்டுவந்தார். இலட்சுமிபாய் இரண்டிலும் ஏறிச் சவாரி செய்து பார்த்தார். பின்னர், ஒன்றின் விலை ஆயிரம் ரூபாய் என்றும் மற்றொன்றின் விலை ஐம்பது ரூபாய்தான் என்றும் மதிப்பிட்டார். இரண்டாவது குதிரையின் மார்பில் வெளியே தெரியாத அடிபட்டிருப்பதை அவர் அதன் ஓட்டத்திலிருந்தே உணர்ந்திருந்தார். வணிகரும் அந்த உண்மையை ஒப்புக்கொண்டாராம்.

இன்பமாகத் தொடங்கிய மணவாழ்க்கையில் துன்பங்கள் அடுத்தடுத்து வந்தன. 1851ஆம் ஆண்டு பிறந்த ஆண் குழந்தை நான்கு மாதங்களில் இறந்தது. 1853ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மன்னரும் காலமானார். இறப்பதற்கு முன்தினம் மன்னர் உறவினர் வீட்டுச் சிறுவன் ஒருவனைத் தத்தெடுத்து அவனுக்குத் தாமோதர ராவ் எனப் பெயரிட்டிருந்தார். ஆனால், தலைமை ஆளுநர் டல்ஹௌசி அந்தத் தத்தை ஏற்க மறுத்தார். நேரடி வாரிசு இல்லாத நாடு கிழக்கிந்தியக் கம்பெனிக்கே உரியது என்னும் கொள்கையைக் காட்டி, 1854ஆம் ஆண்டு ஜான்சியைக் கம்பெனி தன் ஆட்சியோடு இணைத்துக்கொண்டது. இராணிக்கு ஆண்டுக்கு அறுபதாயிரம் ரூபாய் ஓய்வூதியம் அறிவிக்கப்பட்டது. கோட்டையை விட்டு வெளியேறி நகரில் இருந்த மாளிகையில் வாழ வேண்டிய நிலையும் அவருக்கு ஏற்பட்டது.

இலட்சுமிபாய் முதலில் வாளை ஏந்தவில்லை. சட்டத்தின் துணையையே நாடினார். ஜான் லாங் என்னும் வழக்கறிஞரின் உதவியுடன் முறையீடுகளை அனுப்பினார். இலண்டன்வரை சென்ற அம்முறையீடுகள் அனைத்தும் மறுக்கப்பட்டன. 1857ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிப்பாய்களின் கிளர்ச்சி ஜான்சிக்கும் பரவியது. அங்கிருந்த ஆங்கிலேயர் கொல்லப்பட்டனர். ஆட்சி செலுத்துவார் இல்லாத நிலையில் நாட்டின் பொறுப்பு இராணியின் தோளில் விழுந்தது. அண்டை நாடான ஓர்ச்சாவின் படையெடுப்பையும் அவர் முறியடித்தார்.

அக்காலத்தில் ஜான்சிக்கு வந்து தங்கிய விஷ்ணுபட் கோட்சே என்னும் மராத்தியப் பயணி, இராணியின் அன்றாட வாழ்வைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார். இராணி வைகறையில் எழுந்து உடற்பயிற்சி செய்தார். பின்னர்க் குதிரையேறிச் சுவர்களையும் பள்ளங்களையும் தாண்டிப் பயிற்சி பெற்றார். அதன் பிறகே அரச அலுவல்களைக் கவனித்தார். குதிரைகளின் இலக்கணம் அறிந்தவர்களுள் ஒருவராகவும் அவர் மதிக்கப்பட்டார். நாட்டைக் காக்கும் பெருஞ்சுமைக்கு இடையிலும் அந்தக் காலைப் பயிற்சிக்கு அவர் நேரம் ஒதுக்கினார். அதன் பயன் விரைவிலேயே தெரியவந்தது.

1858ஆம் ஆண்டு மார்ச் மாதம் தளபதி ஹியூ ரோஸ் தலைமையில் ஆங்கிலேயப் படை ஜான்சியை முற்றுகையிட்டது. பீரங்கிக் குண்டுகள் மதிலைத் துளைத்தன. அப்போது பெண்களும் மதில்மேல் நின்று வெடிமருந்து சுமந்தனர். இடிந்த இடங்களைச் செப்பனிட்டனர். இதனைக் கண்ட ஆங்கிலேயத் தளபதியும் தம் அறிக்கையில் குறிப்பிட்டுள்ளார். இராணியைக் காக்க வந்த தாந்தியா தோபேயின் படை வழியிலேயே தோற்கடிக்கப்பட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் பகைவர் நகருக்குள் புகுந்தனர்.

ஏப்ரல் 4ஆம் நாள் இரவு, இலட்சுமிபாய் சிறுவன் தாமோதரனைத் தம் முதுகில் கட்டிக்கொண்டு, சிறு குழுவினருடன் குதிரையேறிப் பகைவர் காவலைக் கடந்தார். பாண்டேர் என்னும் ஊரருகே ஆங்கிலேயக் குதிரைப்படை அவரை நெருங்கியது. துரத்தி வந்த அதிகாரி காயமுற்றுப் பின்தங்க, இராணி மீண்டும் விரைந்தார். ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கால்பி நகரை ஒரே நாளில் அவர் அடைந்ததாகக் கூறுவர். கோடை வெயிலில், குழந்தையைச் சுமந்துகொண்டு, குதிரையின் களைப்பையும் கணித்து ஓட்டிய அந்தப் பயணம் ஓர் இரவில் தோன்றிய துணிச்சலால் முடிந்த செயலன்று. பிட்டூரில் தொடங்கி நாள் தவறாமல் செய்த பயிற்சியே அன்று இரண்டு உயிர்களைக் காத்தது.

கால்பியும் வீழ்ந்த பின்னர், கிளர்ச்சிப் படையினர் ஜூன் தொடக்கத்தில் குவாலியரைக் கைப்பற்றினர். ஹியூ ரோஸின் படை அங்கும் பின்தொடர்ந்தது. குவாலியருக்கு அருகில் கோட்டா கி சராய் என்னும் இடத்தில் நடந்த போரில், குதிரைவீரரின் உடையணிந்து இலட்சுமிபாய் போரிட்டார். அவருடைய தோழி முந்தரும் உடன் நின்று போரிட்டு உயிர் துறந்தார். இராணியின் பழகிய குதிரை அன்று அவரிடம் இல்லை என்றும், புதிய குதிரை ஓர் ஓடையைத் தாண்ட மறுத்து நின்றுவிட்டது என்றும் மக்கள் வழக்கில் சொல்லப்படுகிறது. படுகாயமுற்ற இராணி 1858ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் உயிர் நீத்தார். ஜூன் 18ஆம் நாள் என்று கொள்வாரும் உளர். அவரை எதிர்த்துப் போரிட்ட ஹியூ ரோஸே, கிளர்ச்சித் தலைவர்களுள் அவர்தாம் மிகவும் துணிவுடையவர் என்று பின்னர் ஒப்புக்கொண்டார்.

இராணி மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அவருடைய பெயர் மலாயா மண்ணில் மீண்டும் ஒலித்தது. 1943ஆம் ஆண்டு ஜூலை மாதம் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் பெண்களுக்கென்று ஒரு படையை அமைத்தார். அதற்கு ஜான்சி இராணிப் படை என்று பெயர் சூட்டப்பட்டது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து மருத்துவராகப் பணியாற்றிய இலட்சுமி அதற்குத் தலைமை ஏற்றார். பின்னாளில் மலேசிய நாடாளுமன்ற மேலவை உறுப்பினராக விளங்கிய ஜானகி ஆதி நாகப்பனும் அப்படையில் பணியாற்றியவரே.

அன்று பேராவில் பீடோர் போன்ற ஊர்களைச் சூழ்ந்து ரப்பர் தோட்டங்கள் பரந்து கிடந்தன. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவுவதும், பால் வாளியைச் சுமப்பதும், இருட்டுமுன் லயத்து வீட்டுக்குத் திரும்புவதுமே தோட்டப் பெண்களின் வாழ்க்கையாக இருந்தது. மலாயாவின் இத்தகைய தோட்டங்களிலிருந்து இளம்பெண்கள் பலர் அப்படையில் சேர்ந்தனர். அவர்களுள் பலர் இந்திய மண்ணை ஒருமுறைகூட மிதித்திராதவர்கள். அவர்களுக்குக் குதிரைகள் வழங்கப்படவில்லை. துப்பாக்கி ஏந்திக் காலால் நடந்தே பயிற்சி பெற்றனர். ஆயினும், குதிரைமேல் வாளேந்திய ஓர் அரசியின் பெயரைத் தாங்கியபோது, தோட்டத்து எல்லைக்கு அப்பாலும் தங்களுக்கு ஒரு வழி உண்டு என்பதை அவர்கள் உணர்ந்தனர்.

இலட்சுமிபாயின் வாழ்க்கை தோல்வியில் முடிந்தது போலத் தோன்றலாம். அவருடைய நாடு மீளவில்லை. இளவயதிலேயே உயிரும் பிரிந்தது. ஆனால், ஒரு சிறுமி விரும்பியதைக் கற்க அன்று பிட்டூரில் தடை இருந்திருந்தால், ஜான்சிக்கு அத்தகைய காவலர் கிடைத்திருக்க மாட்டார். விருப்பம் பயிற்சியாகவும், பயிற்சி அறிவாகவும், அறிவு துணிவாகவும் வளர்ந்த கதையே அவருடைய வாழ்க்கை. தன்னைவிட வலிய ஒன்றை அன்பாலும் உறுதியாலும் வழிநடத்த முடியும் என்பதை ஒரு பெண் குழந்தை முதன்முதலில் கற்றுக்கொள்ளும் இடம் குதிரையின் முதுகாக இருக்கலாம்; பள்ளி வகுப்பறையாகவோ விளையாட்டுத் திடலாகவோகூட இருக்கலாம். அந்த இடத்தை அவளுக்கு மறுக்காதிருப்பதே பெரியோர் கடமை.