அபே துபுவா: வாழ்வும் நூலும்

மனிதக் குழுக்களின் வாழ்க்கை முறைகளை ஆராயும் துறை மானிடவியல். கள ஆய்வு, பங்கேற்று உற்றுநோக்கல், தகவலாளி, இனமையவாதம் முதலான சொற்கள் இன்று அத்துறையின் தொடக்கப் பாடங்களாக உள்ளன. துறை முறையாக உருப்பெறுவதற்கு நெடுங்காலம் முன்பே, இச்சொற்கள் சுட்டும் செயல்கள் தென்னாட்டுச் சிற்றூர்களில் நிகழ்ந்துள்ளன. பிள்ளைச்சாவடிக்குத் தெற்கே, அதே கடற்கரையில் உள்ள புதுச்சேரிக்கு 1792இல் வந்த பிரெஞ்சுக் குரு அபே துபுவாவின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். சாவடி என்பது வழிநடப்போர் தங்கிச் செல்லும் இடம். முப்பத்தோர் ஆண்டுகள் இந்நாட்டில் தங்கிய துபுவா ஊராருள் ஒருவரானாரா, வழிப்போக்கராகவே நின்றாரா என்பது அவர் வாழ்வு நம்முன் வைக்கும் வினாவாகும்.

வருகையும் பணியும்

ழான் அந்துவான் துபுவா, பிரான்சின் தென்பகுதியில் ஆர்தேஷ் வட்டாரத்தைச் சேர்ந்த சேன் ரெமேஸ் என்னும் சிற்றூரில் 1766இல் பிறந்தார். குருப்பட்டம் பெற்ற 1792ஆம் ஆண்டிலேயே பாரீசு அயல்நாட்டு மறைப்பணிக் கழகத்தின் சார்பில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். பிரெஞ்சுப் புரட்சி குருமாரை அலைக்கழித்த காலம் அது. மறு ஆண்டே புதுச்சேரி ஆங்கிலேயர் கைப்பட்டது. தம் நாட்டாரின் ஆட்சி நிலையற்றிருந்த சூழலில், அவர் தமிழ் வழங்கும் பகுதிகளில் பணியாற்றி மக்களிடையே வாழக் கற்றார்.

1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், திப்பு சுல்தான் காலத்தில் வலிந்து மதம் மாற்றப்பட்ட கிறித்தவர்களை மீண்டும் ஒன்றுதிரட்டும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது. அன்றுமுதல் மைசூர் நாடே அவருடைய களமாயிற்று. வறுமையுற்றோருக்காக உழவுக் குடியிருப்புகளை ஏற்படுத்தினார். பெரியம்மையைத் தடுக்க அம்மை குத்தும் பணியிலும் ஈடுபட்டார்.

அவர் ஐரோப்பிய உடையைக் களைந்தார். நீண்ட அங்கியும் தலைப்பாகையும் அணிந்தார். இந்நாட்டார் உணவையே உண்டார். வழக்கங்களையும் இயன்றவரை பின்பற்றினார். ஆராயப்படும் மக்களோடு கூடி வாழ்ந்து, அவர்தம் மொழியில் பேசி, அன்றாட நிகழ்வுகளைக் கண்டறிவதைப் பங்கேற்று உற்றுநோக்கல் என்று மானிடவியலார் வழங்குவர். பிரோனிஸ்லாவ் மலினோவ்ஸ்கி முதல் உலகப் போர்க்காலத்தில் திரோபிரியாந்துத் தீவுகளில் தங்கி இம்முறைக்கு இலக்கணம் வகுத்தார். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே துபுவா அவ்வாறு வாழ்ந்திருந்தார். எனினும் நோக்கம் வேறு. மலினோவ்ஸ்கி அறிவதற்காகக் கூடி வாழ்ந்தார். துபுவா மாற்றுவதற்காகக் கூடி வாழ்ந்தார்.

நூல் பிறந்த கதை

இந்துக்களின் பழக்கவழக்கங்கள், நிறுவனங்கள், சடங்குகள் பற்றிப் பிரெஞ்சில் அமைந்த கையெழுத்துப்படி ஒன்றை அவர், மைசூரில் ஆங்கிலேயரின் பேராளராக இருந்த மார்க் வில்க்ஸ் வழியாக அளித்தார். கிழக்கிந்தியக் கும்பினி 2000 வராகன் கொடுத்து அதனை வாங்கியது. ஆளப்படும் மக்களை அறிந்தால் ஆள்வது எளிது என்னும் கருத்து அதன் பின்னணியில் இருந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு இலண்டனில் வெளிவந்தது. விரிவாக்கப்பட்ட பிரெஞ்சுப் பதிப்பு 1825இல் பாரீசில் அச்சாயிற்று. திருத்திய கையெழுத்துப்படியிலிருந்து செய்யப்பட்ட புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு 1897இல் ஆக்ஸ்போர்டில் வெளியாயிற்று.

சாதி, திருமணம், உணவு விலக்கு, தீட்டு, ஈமச் சடங்கு, துறவு என வாழ்வின் பல கூறுகளையும் அந்நூல் விரித்துரைக்கிறது. ஒரு மக்களின் வாழ்க்கையை இவ்வாறு முழுமையாக வரைந்துகாட்டும் எழுத்தை இனவரைவியல் என்பர். அவ்வகையில் இது முன்னோடி நூல் எனப் பலராலும் போற்றப்பட்டது.

ஆயினும் அதன் பக்கங்களில் விவரிப்பும் தீர்ப்பும் பின்னிக் கிடக்கின்றன. சாதி அமைப்பை ஒழுங்கு காக்கும் ஏற்பாடு எனப் பாராட்டும் அவர், அவ்வமைப்பின் அடியில் நசுங்கிய மக்களை இழிவு தொனிக்கப் பேசுகிறார். கோயில் வழிபாட்டை மூடத்தனம் எனக் கடிகிறார். தம் பண்பாட்டையே அளவுகோலாகக் கொண்டு பிற பண்பாட்டை அளப்பது இனமையவாதம் எனப்படும். ஒரு வழக்கத்தை அது வழங்கும் சமூகத்தின் பின்புலத்தில் வைத்து முதலில் புரிந்துகொள்ள வேண்டும் என்பது பண்பாட்டுச் சார்புக் கொள்கை. உடையையும் உணவையும் மாற்றிக்கொண்ட துபுவாவால் அளவுகோலை மாற்றிக்கொள்ள இயலவில்லை.

மறைந்த பெயர்

நூல் வெளிவந்து ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் வேறோர் உண்மை வெளிப்பட்டது. புதுச்சேரியில் நெடுங்காலம் வாழ்ந்து 1779இல் அங்கேயே மறைந்த சேசு சபைக் குரு கேர்தூ, இந்தியரின் பழக்கவழக்கங்கள் பற்றி விரிவாக எழுதி வைத்திருந்தார். சமஸ்கிருதம், இலத்தீன், கிரேக்கம் ஆகியவற்றிடையே உள்ள உறவை, வில்லியம் ஜோன்ஸின் 1786ஆம் ஆண்டுப் பேருரைக்கு முன்னரே, 1767இல் பாரீசு அறிஞர் கழகத்திற்கு எழுதியவரும் அவரே. சேசு சபை 1773இல் கலைக்கப்பட்டபின், அதன் பணித்தளங்கள் துபுவா சார்ந்த கழகத்தின் பொறுப்பில் வந்தன. கேர்தூவின் எழுத்தைத் தாங்கிய, 1777ஆம் ஆண்டைச் சேர்ந்த படி ஒன்றை இலண்டனில் கண்டெடுத்த பிரெஞ்சு ஆய்வாளர் சில்வியா மூர், துபுவாவின் நூல் பெரும்பகுதி அதனை அடியொற்றியது என்பதை ஒப்பிட்டுக் காட்டி, 1987இல் பதிப்பித்தார். துபுவா அம்மூல ஆசிரியரின் பெயரைச் சுட்டவில்லை.

இக்கண்டுபிடிப்பு துபுவாவின் முப்பதாண்டுப் பட்டறிவை முற்றும் பொய்யாக்கிவிடவில்லை. பிற்பட்ட படிகளில் அவர் சேர்த்தவையும் உண்டு. ஆனால் நூலின் சில பக்கங்கள் எந்தக் காலத்துத் தென்னாட்டைக் காட்டுகின்றன, எவர் கண்ட காட்சி அது என்னும் ஐயம் இனி நீங்காது. கள ஆய்வில் நாளும் இடமும் கூறியவர் பெயரும் குறிக்கப்பட வேண்டும் என்னும் விதியின் தேவை இங்கே விளங்குகிறது.

கேர்தூவின் பெயராவது இன்று மீண்டுவிட்டது. சடங்குகளை விளக்கி, கதைகளைச் சொல்லி, கேட்டவற்றுக்கெல்லாம் விடையளித்த இந்நாட்டு மக்களின் பெயர்கள் மீளவில்லை. தகவலாளி என்னும் சொல்லால் மானிடவியல் சுட்டுவது அவர்களைத்தான். சொல்லின் செல்வம் அவர்களுடையது. நூலின் புகழோ எழுதியவருக்கு. நாட்டார் பாடலைக் கேட்டு எழுதும் கவிஞரும் இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும்.

இறுதி ஆண்டுகள்

1823இல் துபுவா இந்தியாவை விட்டு நீங்கினார். கும்பினி அவருக்கு ஓய்வூதியம் வழங்கியது. அதே ஆண்டு வெளியான தம் கடிதத் தொகுப்பில், இந்துக்களை மதம் மாற்றும் முயற்சி பயன் தராது என்னும் முடிவை வெளியிட்டு, சக பணியாளரின் கண்டனத்திற்கு ஆளானார். தம் வாழ்நாள் பணியே தோற்றது என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அவரிடம் இருந்தது. பஞ்சதந்திரக் கதைகளைப் பிரெஞ்சில் பெயர்த்து 1826இல் வெளியிட்டார். பின்னர்த் தம் கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்று, 1848இல் பாரீசில் மறைந்தார்.

ஒரு மக்களோடு நெடுங்காலம் வாழ்ந்தும் அவர்களை அவர்களுடைய கண்ணால் காணாதிருக்க முடியும் என்பதற்கும், அப்படிக் கண்டு எழுதியதும் பிற்காலத்தார்க்கு இன்றியமையாத ஆவணமாக முடியும் என்பதற்கும் அவர் வாழ்க்கை ஒருசேரச் சான்றாகிறது. அவர் நூலை ஒதுக்கவும் வேண்டா. அப்படியே நம்பவும் வேண்டா. யார் கண்டது, யார் சொன்னது, யார் எழுதியது என்னும் மூன்று வினாக்களோடு அதனைப் படிப்பதே தகும்.