ஒற்றியூர் பாடிய புலவரின் நூற்செல்வம்

சடையங்குப்பத்தை அடுத்துள்ள திருவொற்றியூர், தமிழ்ப் புலவர் பலரைத் தன்பால் ஈர்த்த திருத்தலம். வள்ளலார் உருகிப் பாடிய அவ்வூர் முருகனை வேண்டி நோய் நீங்கப்பெற்ற இளம்புலவர் ஒருவர், 1900இல் 'திருவொற்றி முருகர் மும்மணிக்கோவை' இயற்றினார். அந்நாளில் வேதாசலம் எனப்பட்ட அவரே பின்னாளில் மறைமலையடிகள் ஆனார்.

நாகப்பட்டினத்தில் 15-7-1876இல் பிறந்த அடிகளுக்குத் தந்தையாரின் மறைவால் பள்ளிக் கல்வி இடையிலேயே நின்றது. நாகையில் நூல் வாணிகம் செய்துவந்த நாராயணசாமிப் பிள்ளையே அவருக்குத் தமிழாசான். விற்பனைக்கு வந்த ஏடுகளே ஏழை மாணவனுக்குப் பள்ளியாயின. நூலின் அருமையை அடிகள் உணர்ந்தது அங்கேதான்.

1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார், பரிதிமாற்கலைஞரோடு பணியாற்றினார். 1911இல் அப்பணி துறந்து பல்லாவரம் சென்று, வள்ளலார் நெறியில் சமரச சன்மார்க்க நிலையம் கண்டார். 1916இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கித் தம் பெயரையும் தமிழாக்கிக்கொண்டார். நிலையான ஊதியம் நின்ற பின்னும் நூல் வாங்குவது நிற்கவில்லை. பல்லாவர இல்லத்தில் 'மணிமொழி நூல்நிலையம்' வளர்ந்தது.

தனித்தமிழ்த் தந்தையின் நூலகத்தில் ஆங்கில நூல்களும் நிறைந்திருந்தன. அவர் நாட்குறிப்பு எழுதியதும் ஆங்கிலத்திலேதான். இதை முரண் என்பார் உண்டு. பிறமொழி அறிவை வெறுத்துப் பிறந்ததன்று அவர்தம் தமிழ்ப்பற்று. சாகுந்தலத்தைத் தமிழில் தந்தவரும் அவரே. உலகத்து அறிவையெல்லாம் கற்று, அதைக் கலப்பற்ற தமிழில் சொல்ல இயலும் எனக் காட்டுவதே அவர் நோக்கம். 1930இல் வெளிவந்த 'மாணிக்கவாசகர் வரலாறும் காலமும்' என்னும் பெருநூல், அந்த நூல்நிலையம் இன்றி உருவாகியிராது.

15-9-1950இல் அடிகள் மறைந்தார். புலவர் மறைந்தபின் அவர்தம் ஏடுகள் பரண் ஏறுவதும், பழைய தாள் விலைக்குப் போவதும் நம் நாட்டில் புதிதன்று. அடிகளோ தம் நூல்களைத் தமிழ் மக்களுக்கே உரிமையாக்கிச் சென்றார். அவ்விருப்பத்தைச் சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்து வ. சுப்பையா பிள்ளை நிறைவேற்றினார். ஏறத்தாழ 4,000 நூல்களோடு 1958இல், சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல்நிலையம் திறக்கப்பெற்றது. பழைய நூல்களும் இதழ்களும் அங்கு மேன்மேலும் சேர்ந்தன. ஆய்வு மாணவர்கள் நாடிவரும் நிலையமாக அது ஓங்கியது. பின்னர் அது எழும்பூர்க் கன்னிமாரா நூலக வளாகத்திற்கு மாறியது.

அந்நிலையத்திற்குச் செல்வோர் காண்பது நூல்களை மட்டுமன்று. ஒரு புலவரின் உள்ளம் உருவான வழியையும் காண்கின்றனர். ஒருவர் எழுதியவை அவர்தம் முடிவுகளைச் சொல்லும். படித்தவையோ அம்முடிவுகளுக்கு அவர் வந்த பாதையைச் சொல்லும். முன்னதைப் பதிப்பிக்கப் பலர் உளர். பின்னதைக் காப்போர் சிலரே. அடிகளுக்குச் சுப்பையா பிள்ளை வாய்த்தார். வடசென்னையில் வாழ்ந்து மறைந்த கவிஞர்தம் கையெழுத்துப் படிகளும் சிற்றிதழ்களும் இன்னும் எத்தனை இல்லங்களில் செல்லரித்துக் கிடக்கின்றன! அவற்றைத் தேடித் தொகுப்பதும் தமிழ்த்தொண்டே. ஒற்றியூர் பாடிய புலவருக்கு இப்பகுதி செலுத்தத்தக்க நன்றியும் அதுவே.